கூட்டு நுண்ணுயிர்களால் உணவும் தீவனமும்: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல்லின் கோழிப்பண்ணையாளர்கள், காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்கள், சேலத்தைச் சுற்றிச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்துபவர்கள், தோட்டத்தில் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் இளைஞர்கள் ஆகியோர் தீவனப் பயிற்சிகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். சோயா புண்ணாக்கின் விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்விகளும் கூடுகின்றன. நம் ஆலைகளிலிருந்து வெளியேறும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் சாக்கடையில் விட்டுவிட்டு, புரதத்தை மட்டும் வெளியிலிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

கூட்டு நுண்ணுயிர்கள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஒரே ஓர் இனத்தைப் பிரித்தெடுத்து, வேறெதுவும் நுழையாதபடி காத்து வளர்க்காமல், பல இனங்கள் ஒரே கலத்தில் சேர்ந்து வாழவிட்டு, அந்தச் சேர்க்கை முழுவதையும் வேலை வாங்குவதையே அப்படிச் சொல்கிறோம். இதற்கு நம் வீட்டு இட்லி மாவைவிடத் தெளிவான சான்று கிடையாது. அரிசியையும் உளுந்தையும் ஆட்டி வைக்கிறோம். உறை எதுவும் ஊற்றுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களில் லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ் என்ற இனம் முதலில் பெருகி, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. மாவு பொங்குவது பெரும்பாலும் அந்த வாயுவால்தான். புளிப்பு ஏற ஏற, அதைத் தாங்கக்கூடிய எண்டெரோகாக்கஸ், பீடியோகாக்கஸ் போன்றவை மேலோங்குகின்றன. புளிப்பைத் தாங்காத கெட்ட கிருமிகள் பின்தங்கிவிடுகின்றன. மூடி திறந்த பாத்திரத்தில், கொதிக்க வைக்காத மாவில், இத்தனை ஒழுங்கான வேலை நடப்பதற்குக் காரணம் அந்தக் கூட்டமே தன் எல்லைக்குத் தானே காவல் இருப்பதுதான். மார்கழிக் குளிரில் மாவு பொங்கத் தாமதமாவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெப்பநிலை மாறினால் கூட்டத்தின் வேகமும் அதில் யார் மேலோங்குவது என்பதும் மாறிவிடும். கம்பங்கூழும் பழைய சோற்று நீராகாரமும் இதே வகையைச் சேர்ந்தவைதான்.

தூய தனி இனத்தை வளர்ப்பது பாதுகாப்பானது அல்லவா? கூட்டத்தை ஏன் நாட வேண்டும்?

பாதுகாப்பைப் பொறுத்தவரை தனி இனத்துக்கு மேன்மை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. என்ன வளர்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு விலை அதிகம். கலம், நீர், காற்று, ஊட்டம் எல்லாவற்றையும் கிருமி நீக்க வேண்டும். ஒரு வால்வு கசிந்தாலும் தொகுதி முழுவதும் வீணாகும். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் மெத்தனாலில் ஒரே பாக்டீரியாவை வளர்த்து ‘புரூட்டீன்’ என்ற தீவனப் புரதத்தைப் பெரிய அளவில் தயாரித்தது. தொழில்நுட்பம் வென்றது, ஆனால் சோயா புண்ணாக்கின் விலையோடு போட்டியிட முடியாமல் 1980களில் அது நின்றுபோனது.

கூட்டத்தின் வலிமை வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. சுவீடனில் உருளைக்கிழங்கு ஆலைக் கழிவுநீருக்காக உருவான ‘சிம்பா’ முறையில் இரண்டு ஈஸ்ட் இனங்களைச் சேர்த்து வளர்த்தார்கள். ஒன்று மாவுச்சத்தை உடைக்கும் நொதியைச் சுரந்து சர்க்கரையாக்கும், ஆனால் மெதுவாக வளரும். மற்றொன்றான கேண்டிடா யூட்டிலிஸுக்கு மாவுச்சத்தை உடைக்கத் தெரியாது, ஆனால் சர்க்கரை கிடைத்தால் மிக வேகமாகப் பெருகும். முதலாவது சமைக்க, இரண்டாவது உண்டு வளர்ந்து தீவனமாகிறது. நார்வேயில் இயற்கை எரிவாயுவை உண்ணும் மெத்திலோகாக்கஸ் கேப்சுலேட்டஸ் என்ற பாக்டீரியாவைக்கூடத் தனியே விடவில்லை. அது வெளியேற்றும் அசிட்டேட் போன்ற பொருள்கள் தேங்கி அதன் வளர்ச்சியையே தடுப்பதால், அவற்றை உண்டு கலத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேறு மூன்று பாக்டீரியா இனங்களையும் சேர்த்தே வளர்த்தார்கள். அந்தப் புரதத்தைக் கால்நடைத் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் இசைவு தந்தது.

இவ்வளவு சிக்கலான கூட்டத்தைச் சாதாரண விவசாயி கையாள முடியுமா?

உங்கள் கட்டுத்தரையில் நிற்கும் ஒவ்வொரு மாடும் அத்தகைய ஒரு கூட்டத்தைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது. அதன் முதல் வயிற்றில் ஒரு மில்லிலிட்டர் சாற்றில் சுமார் 1000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றோடு பூஞ்சைகளும் ஓரணு உயிர்களும் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் உண்டு. சோளத்தட்டை மாடு செரிப்பதில்லை, இந்தக் கூட்டமே செரிக்கிறது. பின்னர் அந்த நுண்ணுயிர்களே குடலுக்குச் சென்று மாட்டுக்குப் புரதமாகின்றன. குடலை அடையும் புரதத்தில் பாதிக்கு மேல் பெரும்பாலும் இவற்றின் உடல்தான். கொங்கு நாட்டின் பாலும் உழவும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தின் மேல்தான் நின்றுவந்திருக்கின்றன.

அந்தக் கூட்டம் குலைந்தால் என்ன ஆகும் என்பதையும் நம்மவர்கள் அறிவார்கள். பட்டிப் பொங்கல் முடிந்த மறுநாளும், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைக் குழுதாடியில் (மாட்டுத் தொட்டியில்) கொட்டிய மறுநாளும் கால்நடை மருத்துவருக்கு அழைப்பு வரும். வெந்த சோற்றின் மாவுச்சத்து ஒரே நேரத்தில் கிடைத்ததும், லாக்டிக் அமிலம் உண்டாக்கும் சில இனங்கள் மட்டும் வெறிகொண்டு பெருகி, வயிற்றின் புளிப்பு ஏறி, நார்ச்சத்தைச் செரிக்கும் இனங்கள் மடிந்துவிடும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், சாணம் தண்ணீராகப் போகும், தள்ளாடிப் படுத்துவிடும். காலம் தாழ்ந்தால் இறந்தும் போகும். ஆகவே இதைக் கையாள ஆய்வக அறிவைவிட முதலில் வேண்டியது, தீனியைச் சிறிது சிறிதாக மாற்றும் பொறுமைதான். புதுத் தீவனம் எதுவானாலும் பத்துப் பதினைந்து நாள் பழக்கிய பிறகே முழு அளவு கொடுக்க வேண்டும்.

நம் பகுதியில் கிடைக்கும் கழிவுகளில் எவை இதற்கு ஏற்றவை?

முதலிடம் சேகோ ஆலைகளின் திப்பிக்கும் கழிவுநீருக்கும்தான். குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து மாவுப்பாலைப் பிரித்த பிறகு எஞ்சும் நாரான சக்கையே திப்பி. மாவு எடுத்த பின்பும் அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்தாகவே இருக்கும், புரதமோ மிகக் குறைவு. அடுத்தது முற்றிய தேங்காயின் நீர். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் கொப்பரைக் களங்களில் காய் உடைக்கும் நாளில் இந்த நீர் வாய்க்காலாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஈஸ்ட் முதலில் சர்க்கரையைச் சாராயமாக்க, அசிட்டிக் பாக்டீரியா அதை வினிகராக மாற்றும். ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் கூட்டத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அரிசி ஆலைத் தவிடு, கரும்பாலையின் கழிவுப்பாகு, காய்கறிச் சந்தையின் மிச்சம் ஆகியவையும் பயன்படும்.

சாயக் கழிவுநீரை எந்த நிலையிலும் தொடக் கூடாது. நுண்ணுயிர்கள் அதைத் ‘தூய்மையாக்கும்’ என்று சொல்லி வருபவர்கள் உண்டு. சாயத்தின் நிறம் போகலாம். கன உலோகமும் உப்பும் போவதில்லை, அவை நுண்ணுயிரின் உடலிலேயே சேர்ந்து, தீவனம் வழியாகப் பாலுக்கும் முட்டைக்கும் வரும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நொய்யல் ஆறு பட்ட துன்பம் நமக்குத் தெரியும். உண்ணத்தக்க பொருளிலிருந்து வந்த கழிவை மட்டுமே தீவனமாக்க வேண்டும் என்பதில் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடம் தர மாட்டேன்.

திப்பியை நொதிக்க வைத்தால் புரதம் கூடும் என்கிறார்கள். எப்படிக் கூடுகிறது?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் நடப்பதும் இங்கேதான். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். திப்பியில் நைட்ரஜன் மிகக் குறைவு. பெரும்பாலான நுண்ணுயிர்களால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கவும் முடியாது. ஆகவே யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ வெளியிலிருந்து சேர்த்தாக வேண்டும். மாவுச்சத்தை உடைக்கும் பூஞ்சையும் சர்க்கரையில் வேகமாக வளரும் ஈஸ்ட்டும் சேர்ந்து அந்த நைட்ரஜனைத் தம் உடற்புரதமாக மாற்றினால் அதுதான் உண்மையான ஆதாயம்.

ஆனால் ஆய்வகங்களில் வழக்கமாகக் கணக்கிடப்படுவது ‘கச்சாப் புரதம்’. பொருளிலுள்ள நைட்ரஜன் முழுவதையும் அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள், அந்த நைட்ரஜன் புரதத்தில் இருக்கிறதா, யூரியாவில் அப்படியே கிடக்கிறதா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஒரு கிலோ யூரியாவைச் சும்மா கலந்தாலே தாளில் 2.87 கிலோ புரதம் கூடியதாகக் காட்டும். எதுவும் நொதிக்காமலேயே திப்பி ‘புரதத் தீவனம்’ ஆகிவிடும். அசைபோடும் மாட்டின் வயிறு ஓரளவு யூரியாவைப் பயன்படுத்திக்கொள்ளும். அளவு மீறினால் அதுவே நஞ்சு. கோழிக்கு அது புரதமே ஆகாது. எனவே நொதித்த தீவனம் என்று யாராவது விற்க வந்தால், கச்சாப் புரதத்தோடு நின்றுவிடாமல் ‘மெய்ப் புரதம்’ எவ்வளவு, மிஞ்சிய யூரியா எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள்.

குச்சிக்கிழங்கில் சயனைடை வெளிவிடும் லினாமரின் என்ற பொருளும் உண்டு. பச்சைத் தழையையும் தோலையும் மேய்ந்து ஆடு மாடு மடிவது அதனால்தான். ஊறவைத்து நொதிக்கவிடுவதும், வெயிலில் நன்றாக உலர்த்துவதும் அதைப் பெருமளவு குறைக்கும். ஈரமான புதுத் திப்பியை அப்படியே அள்ளிப் போடக் கூடாது.

பண்ணையில் முதலில் எதைத் தொடங்கலாம்?

ஊறுகாய்ப் புல், அதாவது சைலேஜ். இதுவும் கூட்டு நுண்ணுயிர்த் தீவனம்தான். செலவு குறைவு, தவறு செய்தாலும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்துவிடும். மக்காச்சோளத்தை மணி பால் கட்டி மாவாக மாறும் பருவத்தில் அறுத்து, ஓர் அங்குலத்துக்கும் குறைவான துண்டுகளாக நறுக்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்து விரலை விரித்துப் பாருங்கள். சாறு ஒழுகி உருண்டை அப்படியே நின்றால் ஈரம் அதிகம். சட்டென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உள்ளங்கை மட்டும் ஈரமாகி, உருண்டை மெல்ல மெல்ல விரிந்தால் அதுவே பதம். பிறகு குழியில் அடுக்கடுக்காகப் போட்டு டிராக்டரால் மிதித்துக் காற்றை வெளியேற்றி, பாலித்தீன் தாள் மூடி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். காற்று இல்லாத இடத்தில் லாக்டிக் பாக்டீரியாக்கள் பெருகி, அமிலகார நிலையை (pH) 4 அளவுக்கு இறக்கிவிடும். அதன்பின் எதுவும் அழுகாது. சுமார் 45 நாளில் திறக்கலாம்.

சென்ற ஆண்டு ஒரு தோட்டத்தில் குழி திறக்கும்போது உடனிருந்தேன். தாளை விலக்கியதும் முதல் அரையடி கறுத்து, வெண்பூஞ்சை படிந்து, புழுங்கிய வாடை அடித்தது. ஓரத்தில் எலி கடித்த துளை வழியாகக் காற்று புகுந்திருந்தது. அதைக் கடப்பாரையால் வெட்டி ஒதுக்கியபின், அடியில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், கள்ளும் பழமும் கலந்தாற்போன்ற புளித்த மணத்தோடு நல்ல சைலேஜ் இருந்தது. ‘மேலே உள்ளதையும் கலந்துவிட்டால் வீணாகாதே’ என்று வீட்டுக்காரர் கேட்டார். கூடாது என்றேன், அவரும் கேட்டுக்கொண்டு அதைக் குப்பைக்குழிக்கு அனுப்பினார்.

பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயவைத்துக் கொடுத்தால் என்ன?

பூஞ்சை சாகலாம், அது விட்ட நஞ்சு சாகாது. மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் வெயிலாலும் சாதாரண வேகவைத்தலாலும் அழிவதில்லை. நொதித்தலையும் நம்ப முடியாது. மாடு அதைத் தின்றால் மாறிய வடிவில் பாலில் இறங்கும். பாலில் அதன் அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. குழந்தைகள் குடிக்கும் பால் என்பதை நினைவில் வைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

பயோஃப்ளாக் மீன் வளர்ப்பும் இதைச் சேர்ந்ததா?

ஆம், முழுக்க முழுக்க. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. தொட்டியில் மாவுச்சத்தோ வெல்லப்பாகோ சேர்த்தால், பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை எடுத்துத் தம் உடலாக்கி, பாசி, ஓரணு உயிர்களோடு சேர்ந்து திரிதிரியாக மிதக்கும். ஜிலேபி மீன் அதைத் தின்னும். கணக்கை இஸ்ரேலிய ஆய்வாளர் யோராம் அவ்னிமெலெக் எளிதாக்கிக் கொடுத்தார்: ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. 30 சதவீதப் புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால் அதில் 48 கிராம் நைட்ரஜன். பாதி அம்மோனியாவாக வெளியேறுவதாகக் கொண்டால் 24 கிராம். அதற்கு 480 கிராம் மாவுச்சத்து வேண்டும். நம் ஊர் மரவள்ளி மாவே இதற்குப் போதும்.

ஆனால் இந்தக் கூட்டம் மூச்சுவிடுவது மீனோடு போட்டி போட்டுக்கொண்டு. கரண்ட் போய்க் காற்றூட்டி நின்றால், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மொத்த மீனும் மிதக்கலாம். ஜெனரேட்டரோ பேட்டரியோ இல்லாமல் இதில் இறங்காதீர்கள். மானியம் கிடைக்கிறது என்று தொட்டி கட்டி, மாற்று மின்சாரத்துக்குப் பணம் ஒதுக்காமல் விட்டு, ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்த இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோழிக்கு இதில் என்ன பயன்?

கோழிக்கு மாட்டைப் போன்ற முதல் வயிறு இல்லாததால், நுண்ணுயிரை வெளியில் வளர்த்து, உலர்த்தி, அரைத்துப் புரதமாகக் கொடுக்க வேண்டும். ஒளியில் வளரும் ஊதா நிற பாக்டீரியாக்கள் கழிவுநீரிலேயே பெருகக்கூடியவை; அவற்றில் நிறமிகள் மிகுதி என்பதால் முட்டையின் கருவும் நல்ல நிறம் பெறும். இருந்தாலும் நாமக்கல்லின் பண்ணைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இவை இன்னும் சந்தைக்கு வரவில்லை. இப்போதைக்குச் சோயாவின் ஒரு பங்கை மட்டும் ஈஸ்ட் புரதத்தால் மாற்றிப் பார்ப்பதே அறிவுடைமை.

சாண எரிவாயுவிலிருந்தும் புரதம் எடுக்கலாமா?

மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்களால் எடுக்கலாம். ஆனால் மீத்தேனையும் ஆக்சிஜனையும் ஒரே கலத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். இது பொறியாளர்கள் பொறுப்பேற்கும் ஆலைக்குரிய வேலை. கொட்டகையில் முயலவே கூடாது.

பஞ்சகவ்யமும் நுண்ணுயிர்க் கூட்டம்தானே, தீவனத்தில் கலக்கலாமா?

கொடுமுடி மருத்துவர் நடராஜன் அவர்களின் முயற்சியால் பஞ்சகவ்யம் நம் பகுதியிலிருந்து நாடெங்கும் பரவியது என்பதில் எனக்கும் பெருமை உண்டு. பயிருக்கு அது நல்லது. ஆனால் சாணம் சேர்ந்த எந்தக் கரைசலிலும் நோய்க்கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. பயிருக்குத் தெளிப்பதற்கு வேண்டிய கவனம் வேறு, வயிற்றுக்குள் செலுத்துவதற்கு வேண்டிய கவனம் வேறு. கிருமிச் சோதனை செய்யாத கரைசலைத் தீவனத்தில் சேர்க்க நான் பரிந்துரைப்பதில்லை.

மனிதர்கள் நேரடியாக உண்ணலாமா?

இட்லியாகவும் தயிராகவும் உண்டுகொண்டுதான் இருக்கிறோம். அங்கே நுண்ணுயிர் உணவைப் பதப்படுத்துகிறது. நுண்ணுயிரின் உடலையே உணவாக உண்பது வேறு. வேகமாக வளரும் பாக்டீரியாவின் உலர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு நியூக்ளிக் அமிலம். அது நம் உடலில் யூரிக் அமிலமாகி, மூட்டுவாதத்தையும் சிறுநீரகக் கல்லையும் உண்டாக்கலாம். இத்தகைய உணவிலிருந்து ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் நியூக்ளிக் அமிலம் பெறக் கூடாது என்பது நெடுங்காலமாக உள்ள வரம்பு. அப்படியானால் பதப்படுத்தாத பாக்டீரியா மாவு 20 கிராமிலேயே அந்த வரம்பு முடிந்துவிடும். சூடேற்றிப் பெருமளவு நீக்கும் முறை உண்டு; பிரிட்டனில் 1985 முதல் விற்கப்படும் பூஞ்சைப் புரதம் அப்படித்தான் தயாராகிறது. நம் நாட்டில், இதுவரை உணவாகப் பழக்கத்தில் இல்லாத பொருளை விற்க, 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். இனங்கள் தொகுதிக்குத் தொகுதி மாறும் திறந்த கூட்டத்துக்கு அந்த அனுமதி பெறுவது கடினம். எனவே தீவனத்தில் தொடங்கி, அனுபவமும் சோதனை முடிவுகளும் சேர்ந்த பிறகு உணவுக்கு வருவதே சரி என்பது என் கருத்து.

தயாரித்த தீவனத்தை எங்கே, எப்படிச் சோதிப்பது?

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். குவியலின் மேற்பரப்பிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிவந்தால் அது குவியலைக் காட்டாது. நடு, ஓரம், அடி என்று பத்து இடங்களில் எடுத்து, சுத்தமான தாளில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து, மீண்டும் கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து எடுத்துச் செல்லுங்கள். சைலேஜ் என்றால் பையிலுள்ள காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். அறுத்த தேதி, குழி மூடிய தேதி, திறந்த தேதி மூன்றையும் பையின் மேல் எழுதுங்கள்.